என் ஷீட்டையும் சோதித்துப் பார்

அண்ணா, அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எதையும் கூட்டாமல், எதையும் விடாமல், நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் அம்மா பேனாவை என் கையில் தந்தாள். அம்மாவின் பேச்சை எழுத்துத் தமிழாக்கியது மட்டும் என் வேலை. யார் என்ன பேசினார்கள் என்று வரும் இடங்களில் அவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன். இனி ‘நான்’ என்று வருவது அம்மா. நான் குறுக்கே வந்தால் ‘அபிஷா’ என்று என் பெயரைப் போட்டுக்கொள்கிறேன்.

மக்கா ஜெபின்,

திருவனந்தபுரத்தில் உன் கடைசி வேலைகளை முடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவாய். சனிக்கிழமை விமானம். நடுவில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் சபையிலிருந்து ஜெபிக்க வருவார்கள், உன் மாமிமார் வருவார்கள், உன் அப்பா பெட்டியை மூன்று முறை எடைபோட்டுப் பார்ப்பார். அதற்குள் என்ன பேச முடியும்? பேசினாலும் நீ வாதாடுவாய், நான் அழுவேன். அதனால் எழுதச் சொல்கிறேன். கத்தி பிடித்துப் பழகிய என் கை பேனாவைப் பிடித்தால் எழுத்தெல்லாம் மரத்தில் வெட்டிய கோடுபோலச் சாய்கிறது. மூன்று நாளாக விடியற்காலையில் மழை. ரப்பர் மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டியிருந்தாலும் கொட்டும் மழையில் பால் வெட்ட முடியாது. மழை ஓயும்வரை காத்திருக்கும் நேரத்தில் அபிஷாவை எழுப்பி உட்காரவைத்திருக்கிறேன். உறையை ஒட்ட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். உன்னோடு ஒரே அறையில் தங்கப்போகும் பையன்களும் படிக்கட்டும். அவர்களுக்கும் அம்மாக்கள் உண்டு.

நீ பைபிளுக்குள் வைத்துவிட்டுப் போன பத்திரம் அங்கேயேதான் இருக்கிறது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அம்பூரிச் சரிவில் என் பெயரில் இருக்கும் ஒன்றரை ஏக்கர் ரப்பரை மரக்காரருக்குக் கடும்வெட்டுக்கு விட்டுவிட வேண்டும் என்பது உன் ஆசை. உன் அறைப் பையன்களில் ரப்பர் தெரியாதவர்கள் இருந்தால் அவர்களுக்குச் சொல். சாதாரணமாக மரத்தில் ஒரு பக்கம்தான் சாய்வாகக் கோடு போடுவோம். இன்று வெட்டினால் நாளைக்கு மரத்துக்கு ஓய்வு. பட்டையைத்தான் சீவ வேண்டும். கத்தி உள்ளே தடிவரைக்கும் போய்விட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை பழையபடி வளராது. கடும்வெட்டில் இந்தக் கணக்கு ஒன்றும் கிடையாது. எப்படியும் சாகப்போகிற மரம்தானே என்று ஏணி வைத்து மேலேயும் கீழேயும் நாலு பக்கமும் தினமும் வெட்டி, இருக்கிற பாலையெல்லாம் எடுத்துக்கொண்டு, கடைசியில் மரத்தை அறுத்துத் தடியாக்கி லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது நீ சொன்னது ஒன்றும் எனக்கு மறக்கவில்லை.

“அம்மா, நான் போகுகது எங்கேன்னு உனக்குத் தெரியும். வியட்நாம்ல ரப்பர் பேக்டரி. அங்க இருந்து ரப்பரு கட்டை கட்டையா இஞ்சோட்டுதான் கப்பல்ல வருது. இனி அது கூடத்தான் செய்யும், கொறையாது. நான் அதக் கண்ணால பாக்கப்போற ஆளு. நான் சொன்னா நீ கேக்காண்டாமா?”

“கேக்கேன் மக்கா, சொல்லு.”

“வெளுக்கும் முன்ன எழும்பி, தலையில லைட்டு கெட்டி, நட்டெல்லு ஒடிய வெட்டுகதுக்கு இனி ஒரு அர்த்தமும் இல்ல. பத்திரத்துல ஒப்பு போடு. நான் சம்பளம் அனுப்புகேன். நீ சும்மா இரி.”

உன் அப்பாவும் சேர்ந்துகொண்டார். “அவன் சொல்லுகது செரியாக்கும். உனக்கு மட்டும் என்னத்துக்கு இந்த வாசி?”

பிடிவாதம் பிடித்து நான் எழுந்து போகவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே நீ சொன்ன அடுத்த பேச்சுதான் என்னை எழுப்பிவிட்டது. “நம்ம ஆளுவளயும் சொல்லணும். ஒட்டுபாலுல மண்ணும் கல்லும் கலப்பாவ. பின்ன எந்த டயர் கம்பெனிக்காரன் நம்பி எடுப்பான்? அங்க உள்ளது எல்லாம் ஒண்ணுபோல சுத்தமா இருக்கும்.” நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன். தண்ணீர் எடுக்கப் போனதாக நீ நினைத்திருப்பாய். ஏன் போனேன் என்று பின்னால் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

வளர்ச்சி என்றால் அம்மாவுக்கு ஆகாது என்று மட்டும் நினைத்துவிடாதே. கோட்டுகாலில் உன் மாமி மகளின் கல்யாணத்துக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? பந்தி முடிந்ததும் நீ என்னை வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். விழிஞ்ஞம் துறைமுகத்துக் கிரேன்கள் அங்கிருந்து வரிசையாகத் தெரிந்தன. “இனி சரக்கு சாதனமெல்லாம் கொழும்பு சுத்தி வராண்டாம் அம்மா. பெரிய கப்பலு நேரா இஞ்சயாக்கும்” என்று, அந்தத் துறைமுகத்தை நீயே கட்டியதுபோலச் சொன்னாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அக்கம்பக்கத்து நாடுகளெல்லாம் சேர்ந்து பிழைக்கிறது, நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கும், இனி யாரும் பாலைவனத்துக்குப் போய் வெயிலில் காய வேண்டாம் என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன். அந்தக் கப்பல்களின் பெட்டிகளுக்குள் என்ன வரும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதையும் என் தவறுகளில் சேர்த்து எழுது என்றேன். அது தவறில்லை, அறியாமைதான் என்கிறாள் அபிஷா. இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகின்றன.

அவளுடைய பிளஸ் ஒன் புத்தகத்திலும் இந்தப் பாடம் இருக்கிறது. திங்கட்கிழமை அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நாடுகள் கூடி வரியைக் குறைத்துக்கொள்கின்றன, எந்த நாட்டுக்கு எது நன்றாக வருமோ அதை அந்த நாடு செய்கிறது, எல்லோரும் வளர்கிறார்கள் என்று வாசித்தாள்.

“இதுல எல்லாருக்கும் லாபம்னுதான் போட்டிருக்கு அம்மா.”

“அந்த எல்லாருல நான் உண்டா பிள்ளை?”

அவள் உண்மையாகவே பக்கத்தைப் புரட்டித் தேடினாள். “தனியா பேரு போடல்ல அம்மா” என்றாள்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். நாடு வளர்கிறது. ஜங்ஷனில் நின்றால் தெரிகிறது, முன்பு ஒரு லாரி போன நேரத்தில் இப்போது பத்து லாரி போகிறது. லாரிக்கு டயர் வேண்டும், டயருக்கு ரப்பர் வேண்டும். நம் நாட்டில் வெட்டும் ரப்பர் நம் நாட்டுக்கே போதவில்லை, அதனால்தான் வெளியிலிருந்து வாங்குகிறார்கள் என்று நீயே சொன்னாய். ஒரு பொருள் போதவில்லை என்றால் அதற்கு விலை ஏற வேண்டுமா, இறங்க வேண்டுமா? அடுக்களையில் உப்பு தீர்ந்துபோனால் மிச்சமிருக்கும் உப்பைத்தானே பொத்திவைப்போம்? இதைப் புதன்கிழமை, பாலை உறையவைத்து உருட்டிய ஷீட்டை விற்கப் போனபோது ரப்பர் கடைக்காரர் தங்கப்பனிடம் கேட்டேன். நேராக ரப்பராக வந்தால் ஒரு வரி, ஏதோ கலவை சேர்த்து வந்தால் வேறு வரி என்று ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே குழம்பிவிட்டது. குழப்பத்தை மறைக்க என்னைக் கேலி பண்ண ஆரம்பித்தார்.

“மகனுக்கு டிக்கெட்டு வந்தாச்சா சேச்சி?”

“வந்தாச்சு. சனியாழ்ச்ச.”

“கொள்ளாம். அவன் அங்க இருந்து கப்பல்ல ஏத்திவிடுவான், நீ இஞ்ச இருந்து ஜீப்புல இறக்கிவிடுவ. அம்மையும் மகனும் ரெண்டு பக்கம் நின்னு தள்ளினா எனக்க கடை எங்க போயி நிக்கும்?”

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எதிர்ச்சரிவில் வெட்டும் ஞானம்மாவும் ஷீட்டோடு வந்திருந்தாள். “இவ பிள்ளைக்குப் பால் குடுத்து வளத்தா. இப்பம் பிள்ளை அயல்நாட்டுப் பால கொண்டாந்து நமக்குத் தாறான். கர்த்தருக்க கிருபை” என்றாள். நானும் சிரித்தேன். ஜீப்பில் திரும்பி வரும்போது சிரிப்பு வரவில்லை. நீ செய்யப்போகும் வேலையில் ஒரு தப்பும் இல்லை, மக்கா. படித்த படிப்புக்கு வேலை, அது எங்கே கிடைத்தாலும் போகத்தான் வேண்டும். ஆனால் உன் சம்பளம் எந்த ரப்பரிலிருந்து வருகிறதோ அதே ரப்பர்தான் என் ஷீட்டின் பக்கத்தில் வந்து நிற்கப்போகிறது. இதை யாரும் நமக்காக மாற்றித் தர முடியாது. தெரியாததுபோல நடிக்கவும் வேண்டாம்.

இனி நிலம். நமக்குக் கீழ்ச்சரிவும் இருந்தது உனக்கு நினைவிருக்கும். நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, கிழக்கே உள்ள நாடுகளோடு ஒப்பந்தம் வரப்போகிறது, ரப்பர் இனி விறகு விலைக்குத்தான் போகும் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஜங்ஷனில் மைக் வைத்துக் கூடப் பேசினார்கள். நானும் உன் அப்பாவும் பயந்து கீழ்ச்சரிவைக் கடும்வெட்டுக்கு விட்டோம். மரக்காரரின் ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே நிற்பாய். மூன்றாம் நாளும் அவர்கள் அதே மரத்தை வெட்டுவதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாய். “அம்மா, இந்த மரத்துக்கு மட்டும் லீவு இல்லியா?” என்று கேட்டாய். நான், “சோலி உண்டு, போயி விளையாடு” என்றேன். பதில் தெரியாமல் இல்லை.

ஒப்பந்தம் வந்தது. ரப்பரை அதில் விலக்கி வைத்திருக்கிறார்கள் என்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது. கீழ்ச்சரிவு மரங்கள் லாரியில் ஏறிப்போன பிறகு விலை ஏறத் தொடங்கியது. ஏறியது என்றால், புகைக்கத் தொங்கவிட்ட ஷீட்டை ஆட்கள் திருடிக்கொண்டு போகும் அளவுக்கு ஏறியது. மொட்டைச் சரிவில் நாங்கள் நட்ட அன்னாசியைக் காட்டுப்பன்றி தின்றது. பிறகு அந்த விலையும் இறங்கியது. ஏறின விலையை நம்பி அப்போது புதிதாக நட்டவர்கள், மரம் வெட்டுக்கு வந்தபோது தலையில் கை வைத்தார்கள். பயந்து வெட்டிய நாங்களும் தோற்றோம், ஆசைப்பட்டு நட்டவர்களும் தோற்றார்கள். அதனால்தான் நீ ‘இனி அவ்வளவுதான்’ என்று சொல்லும்போது எனக்குக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. நீ சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. இந்த முறை உண்மையாகவே அவ்வளவுதானோ என்னவோ. ஆனால் பயத்தில் வெட்டிய ஒரு சரிவு எனக்குப் போதும்.

நீ போகும் இடத்திலும் இதை நினைவில் வைத்துக்கொள். உன்னை வேலைக்கு எடுத்தவர்கள் ஒருநாள் வெட்டி ஒருநாள் விடுகிறார்களா, நாலு பக்கமும் தினமும் வெட்டுகிறார்களா என்று பார். வளர வேண்டும் என்ற அவசரத்தில் நீயே உன்னைக் கடும்வெட்டுக்கு விட்டுவிடாதே. காலையில் சாப்பிடாமல் ஓடும் பழக்கத்தை விடு. அந்த ஊர்ப் பேச்சில் நாலு வார்த்தையாவது முதல் மாதமே படித்துக்கொள். மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற நாக்குக்கு இன்னொன்று ஒட்டாமல் போகாது.

இப்போது அடுக்களைக்குப் போன கதை.

(அபிஷா: இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். “அம்மா, இத எழுதணுமா? அண்ணன் என்ன நெனப்பான்?” என்றேன். “உண்மை எழுதுவேன்னு சொன்னது நீயாக்கும். எழுது” என்றாள் அம்மா. எழுதுகிறேன்.)

ஒட்டுபாலில் மண் கலந்தவள் நான். நீ பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடம், ஒரு மழைக்காலம் முழுவதும். பாலை ஊற்றி எடுத்த பிறகு சிரட்டையில் மிச்சம் வடிந்து உறைகிறதே, அதுதான் ஒட்டுபால்; அது முழுக்க உறைவதற்குள் ஒரு நுள்ளு செம்மண்ணைப் போட்டுவிட்டால் உள்ளேயே மூடிக்கொள்ளும். சிரட்டைக்கு ஒரு நுள்ளு, ஒரு சிட்டிகை. எடை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். உன் படிப்புக்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மற்றவர்கள் செய்கிறார்கள், நான் மட்டும் ஏன் இளித்தவாயாக இருக்க வேண்டும் என்றுதான் செய்தேன். ஒருநாள் தங்கப்பன் ஒரு கட்டியைக் கத்தியால் பிளந்தார். “இதென்ன சேச்சி, பாலுக்கு உள்ள பல்லு மொளச்சிருக்கு?” என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. “நீ மட்டுமா, பாதி பேரு இப்பிடியாக்கும். நான் இனி எல்லாருக்கும் எடையில ஒரு கழிவு போடுகேன், சோலி தீந்துது” என்றார். என்னை விட்டுவிட்டார் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

மறுவாரம் ஞானம்மா நம் வீட்டு முற்றத்தில் வந்து நின்று சத்தம் போட்டாள். “எவளோ மண்ணு போட்டாளாம், எனக்க பாலுக்கும் கழிச்சிட்டான் பாவி. நான் சிரட்டையக் கழுவிக் கவுத்தி வைக்கிறவளாக்கும்!” அது உண்மை. இந்தச் சரிவில் சிரட்டையைக் கழுவுகிறவள் அவள் ஒருத்திதான். நான் அவளை உட்காரவைத்து, “ஆளுவ இப்பம் செரியில்ல ஞானம்மா” என்று சொல்லி, சாயா போட்டுக் கொடுத்தேன். மழைக்காலம் முடிவதற்குள் மண் போடுவதை நிறுத்திவிட்டேன். கழிவு மட்டும் நிற்கவில்லை. இன்று வரைக்கும் அவளுக்கும் அது பிடிக்கப்படுகிறது.

என் ஒரு நுள்ளு மண்தான் ஊர் விலையை இறக்கியது என்று சொல்ல நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. ஆனால் நம் ரப்பரை நம்ப முடியாது என்று எங்கோ ஒருவன் நினைக்கிறானே, அந்த நினைப்புக்குள் என் மண்ணும் இருக்கிறது. சாப்பாட்டில் நீ ‘நம்ம ஆளுவ’ என்று சொன்னபோது, உன் எதிரில் உட்கார்ந்து உனக்கு மீன் துண்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தது அந்த ஆள்தான்.

உன்னிடம் சொல்வதற்கு முன்னால் ஞானம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கடையிலிருந்து வந்த அன்று சாயங்காலமே போனேன். அவள் ரோலரில் ஷீட் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கைப்பிடியைச் சுற்றுவதை அவள் நிறுத்தவில்லை. பிறகு கேட்டாள். “அப்பம், அண்ணைக்கு சாயா தந்தது அதுக்காக்குமா?”

நான் தலையாட்டினேன்.

“சீனி கூடுதலா இருந்துது. அப்பமே நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வியாழக்கிழமை முழுவதும் என்னோடு பேசவில்லை. எதிர்ச்சரிவில் நின்று வழக்கமாகக் கொடுக்கும் குரலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ போனில் ஒரு வீடியோ காட்டினாயே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீ வேலைக்குப் போகும் பக்கத்துத் தோட்டம் என்றாய். கழுத்துவரை துணி தொங்கும் தொப்பியும் அதன் மேல் விளக்குமாக ஒருத்தி பால் வெட்டிக்கொண்டிருந்தாள். அதுவரைக்கும் எனக்கு அந்த நாட்டின் மேல் கோபம்தான். இவர்களால்தானே என்று மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன். அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. கையைத்தான் பார்த்தேன். பெருவிரலைக் கத்தியின் முதுகில் வைத்து, மூச்சைப் பிடித்து, பின்னால் நகர்ந்துகொண்டே இழுக்கிறாள். என் கை அப்படித்தான் நகரும். அவளுடைய மரத்தில் ஒரு காயம்கூட இல்லை. அபிஷாவின் போனுக்கு நீ அனுப்பியதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கும் பிள்ளைகள் இருக்கும். நாடுகள் கூடி உட்கார்ந்து பேசுகின்றன, தலைவர்கள் கைகொடுத்துக்கொள்கிறார்கள். பால் வெட்டுகிற நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஒருத்தியின் விலையை வைத்து இன்னொருத்தியின் விலையைக் குறைக்கிறார்கள். நீ அங்கே போனதும் அவளையோ, அவளைப் போல ஒருத்தியையோ தேடிப் பிடித்துக் கேள். அவள் பாலுக்குக் கிடைப்பது அவளுக்குப் போதுகிறதா? மரத்துக்கு லீவு இருப்பதுபோல அவளுக்கும் லீவு உண்டா? அவள் சொல்வதை அப்படியே எனக்கு எழுது.

பத்திரத்துக்கு இதுதான் என் பதில். திங்கட்கிழமை சிரட்டையைக் கழுவி வைத்து எடுத்த பாலை, இரண்டு தடவை அரித்து, ஆசிடை அளந்து ஊற்றி உறையவைத்து, உன் அப்பா ரோலர் சுற்ற, ஒரே ஒரு ஷீட்டைத் தனியாகப் போட்டேன். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு நானே பார்த்துப் பார்த்துப் புகை காட்டினேன். அதை உன் பெட்டியில் வைக்கிறேன். புகை நாற்றம் உன் சட்டையில் ஏறாமல் இருக்க மூன்று பிளாஸ்டிக் உறையில் சுற்றியிருக்கிறேன். உன் அப்பா, “விமானத்துல பக்கத்து சீட்டுக்காரன் எறங்கி ஓடுவான்” என்கிறார். ஓடட்டும். அங்கே உன் வேலை ரப்பரில் எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்று மெஷினில் பார்ப்பதுதானே? என் ஷீட்டையும் அதில் வைத்துப் பார். ஷீட்டும் கட்டை ரப்பரும் வேறு வேறு என்று நீ சொல்வாய். அழுக்கு எங்கேயும் அழுக்குதான். விலை உன் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. இந்தச் சோதனையால் அது ஒரு பைசா ஏறாது என்பதும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. நான் தோற்றது என் வேலை மோசமாக இருந்ததாலா, நான் சின்ன ஆளாக இருந்ததாலா? குறை என் பாலில் இருந்தால் ஒப்பு போட்டுவிடுகிறேன், மரங்கள் போகட்டும். குறை என் பாலில் இல்லை என்றால் மரங்கள் நிற்கட்டும். அதன் பிறகு பட்டினி கிடந்தாலும் பயத்தில் வெட்டினேன் என்று இருக்காது. என்னைச் சமாதானப்படுத்த, மெஷின் காட்டும் எண்ணை மாற்றிவிடாதே, மக்கா. நீ என் பிள்ளை, அப்படிச் செய்யக்கூடியவன். நானும் ஒரு நுள்ளு மண் போட்டவள்தானே.

(அபிஷா: அம்மா இதோடு முடித்துவிடலாம் என்றாள். ஆனால் இன்று, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நடந்ததையும் எழுத வேண்டும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஞானம்மா சித்தி. தலையில் விளக்கு, அதற்கு மேல் உரச்சாக்கு, கையில் பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு பொதி. உள்ளே வரவில்லை.

“உனக்க ஷீட்டு வியட்நாம் போகுதாமே?”

“அபிஷாக்க அப்பா சொன்னாரா?”

“ஊரு முழுக்கச் சொல்லியாச்சு. இந்தா, எனக்கதும் கொண்டு போவட்டு. உனக்கத மட்டும் வச்சுப் பாத்தா எப்பிடி தெரியும்? மண்ணே போடாதவளுக்கது எப்பிடி இருக்கும்னும் பாக்கணும்.”

அம்மா பொதியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். “ஞானம்மா, உள்ள வா. சாயா போடுகேன்.”

“வேண்டாம். உனக்க சாயா எனக்கு நல்லாத் தெரியும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். நாலு அடி போய் நின்றாள். “சீனி இல்லாம போடுகதா இருந்தா, மரம் வெட்டி முடிச்சிட்டு வாறேன்” என்றாள்.

அவள் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இது: அண்ணனுக்கு எது யாருடைய ஷீட் என்று தெரியக் கூடாது, தெரிந்தால் அவன் மனசு சாயும். அதனால் ஒரு ஷீட்டின் மூலையில் ஒரு துளையும் மற்றதில் இரண்டு துளையும் போட்டிருக்கிறோம், அண்ணா. இரண்டின் எண்களையும் அனுப்பு. எந்தத் துளை யாருடையது என்பது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்; சாயா குடிக்க வரும்போது ஞானம்மா சித்திக்கும் சொல்வோம். எல்லாவற்றையும் எழுதுவேன் என்று ஆரம்பித்தேன். இந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை. உண்மை தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் எழுதாமல் விடுகிறேன். இன்னொன்றும் உண்டு. ஞானம்மா சித்தி போனதும் தான் அழுததை எழுதாதே என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நான் கொடுத்த வாக்கு முந்தியது, அதனால் எழுதிவிட்டேன்.

பத்திரம் பைபிளுக்குள்ளேயே இருக்கிறது. நீ எண்களை அனுப்பும்வரை அங்கேயே இருக்கும்.

மழை ஓய்ந்துவிட்டது. அம்மா விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு போய்விட்டாள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். இந்தச் சரிவில் அம்மாவின் வெளிச்சம் மரத்துக்கு மரம் நகர்கிறது, எதிர்ச்சரிவில் இன்னொரு வெளிச்சம் நகர்கிறது. இரண்டு பக்கமும் குரல் இல்லை. பிறகு அங்கிருந்து, “எட்டீ, பால் வருகா?” என்று ஒரு சத்தம். “வருகு” என்று அம்மா. இப்போது நன்றாக வெளுத்துவிட்டது. முதலில் அங்கே சித்தி விளக்கை அணைத்தாள், பிறகு அம்மா அணைத்தாள். நானும் மேசை விளக்கை அணைத்துவிட்டேன்.)